ஆகஸ்டில் ஸ்டார்வ்டு ராக்: அருவி, படிக்கட்டு, பட்டினிக் கதை

நீங்கள் கேட்டது இது: சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறீர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, மகனுக்கு ஆறு வயது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இல்லினாய் மாநிலத்தின் ஸ்டார்வ்டு ராக் ஸ்டேட் பார்க் போகலாமா, அங்கே எந்தக் கேன்யனில் (குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில்) அருவி நன்றாக இருக்கும், குற்றாலம் மாதிரி குளிக்க விடுவார்களா, அந்தப் பாறையில் ஒரு கூட்டமே பட்டினி கிடந்து செத்தது என்கிறார்களே, அது உண்மையா? கேள்வி நாலு என்றாலும் உங்கள் கவலை ஒன்றுதான் என்று படுகிறது. அம்மாவை ரொம்பப் படியேற்றி இறக்காமல், அவ்வளவு தூரம் வந்தது வீண் என்று யாரும் முகம் சுளிக்காமல், ஒரு நாளை அங்கே கழிக்க முடியுமா? முடியும். ஆனால் சனிக்கிழமையை விட்டுவிடுங்கள், அருவியை நம்பிக் கிளம்பாதீர்கள், எல்லாரும் போகும் முக்கிய வாசலோடு நின்றுவிடாதீர்கள். இந்த மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் அருவி. குற்றாலத்தில் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்கும். இங்கே அந்தக் கணக்கைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். பனி உருகி, வசந்த மழையும் சேரும் மார்ச் கடைசி முதல் மே வரைதான் இங்கே சீசன். பூங்காவில் 18 கேன்யன்கள் இருக்கின்றன. ஈரமான காலத்தில் அவற்றில் 14-இல் அருவி விழும். எந்த அருவிக்கும் பின்னால் பெரிய மலையோ காடோ இல்லை. மேலே இருப்பது தட்டையான நிலம், அதிலிருந்து வடிந்து வரும் சிற்றோடைகள், அவ்வளவுதான். அதனால் நல்ல மழை பெய்தால் ஓரிரு நாள் கொட்டும், பிறகு நூலாகும், அப்புறம் பாறையில் ஈரத்தடம் மட்டும் மிஞ்சும். ஆகஸ்டில் பெரும்பாலும் நீங்கள் பார்க்கப்போவது அந்த ஈரத்தடத்தைத்தான். இணையத்தில் வரும் படங்கள் ஏப்ரலில் எடுத்தவையாக இருக்கும். போவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் பூங்காவை ஒட்டிய யூட்டிகா ஊர்ப் பக்கம் பலத்த மழை பெய்ததா என்று பாருங்கள். பெய்திருந்தால் அருவியை எதிர்பார்க்கலாம், இல்லையென்றால் பாறையைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புங்கள். இருப்பதற்குள் செயின்ட் லூயி, லாசால் இரண்டு கேன்யன்களிலும் பொதுவாகத் தண்ணீர் கொஞ்சம் அதிக நாள் நிற்கும். செயின்ட் லூயியில் சுமார் 80 அடி உயரத்திலிருந்து விழுகிறது; லாசாலில் அருவிக்குப் பின்னால் நடந்து போகலாம். உங்கள் பெற்றோரின் தங்கல் ஆறு மாதம் என்றால் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது. அப்போதும் அருவி உறுதியில்லை, ஆனால் இலை நிறம் மாறி ஆற்றோரம் முழுக்கச் செம்மஞ்சளாக இருக்கும், கொசுவும் இருக்காது.

குளிக்க விடமாட்டார்கள். பூங்காவை ஒட்டி ஓடும் இல்லினாய் ஆற்றிலும் கூடாது, அருவியடிக் குட்டைகளிலும் கூடாது. ஆற்றைப் பற்றிய தடை வெறும் சட்டத்துக்காகப் போட்டதல்ல. பக்கத்திலேயே அணை இருக்கிறது. அணைக்குக் கீழே மேற்பரப்பு அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் சுழல் இழுக்கும். அருவியடியில் வேறு ஆபத்து: மேலே இருக்கும் பாறை சொல்லாமல் உதிரும். மகனிடம் காரிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் அழுகைதான்.

அடுத்து அம்மாவின் முழங்கால். இந்தப் பூங்காவின் நடைபாதைகள் மொத்தம் 13 மைல். மைலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மைலைப் பார்த்துத் துணியவும் வேண்டாம். இங்கே சிரமம் தூரத்தில் இல்லை, படியில். மேட்டுத்தளம், ஆற்றோரம், கேன்யனின் அடிமட்டம் என்று மூன்று தளங்கள்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மரப்படிகள். விசிட்டர் சென்டரிலிருந்து பாறையின் உச்சி சுமார் 0.3 மைல்தான், ஆனால் அந்தத் தூரம் ஏறக்குறைய முழுவதும் ஏற்றம். ஆற்றுமட்டத்திலிருந்து பாறையின் உயரம் 125 அடி. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏறும்போது மூச்சுதான் வாங்கும். வலி இறங்கும்போது வரும். அதனால் மேலே போன பிறகு முடியவில்லை என்று தெரிந்தாலும் பயனில்லை. ஃபிரெஞ்ச் கேன்யன் சுமார் 0.4 மைல், எல்லாவற்றிலும் கிட்டத்தில் இருப்பது, அதனாலேயே அம்மாவைக் கூட்டிப்போகலாம் என்று தோன்றும். வேண்டாம். கடைசிப் பகுதியில் ஓடை வழியும் சரிவான பாறையில், கால் வைக்கச் செதுக்கிய சிறு பள்ளங்களைப் பிடித்து ஏற வேண்டும். பாசி படிந்த ஈரப்பாறை அது. இளைஞர்களே அங்கே உட்கார்ந்து சறுக்கி வருவார்கள்.

அம்மாவுக்கு ஏற்ற இடம் பூங்காவின் கிழக்குப் பகுதி. முக்கிய வாசலுக்குள் போகாமல் ரூட் 71-இல் கிழக்கே ஓட்டினால் தனித்தனி வண்டி நிறுத்தங்கள் வரும். அவற்றில் கவுன்சில் ஓவர்ஹேங், ஒட்டாவா கேன்யன், கஸ்காஸ்கியா கேன்யன் என்று பெயர் போட்டிருக்கும் நிறுத்தத்தில் இறங்குங்கள். மூன்றும் சுமார் அரை மைலுக்குள். பாதை பெரும்பாலும் சமதளம், படி குறைவு. கவுன்சில் ஓவர்ஹேங் என்பது ஒரு பக்கம் திறந்த பெரிய பாறைக் குடைவு. கூரை போலப் பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அடியில் வெள்ளை மணல் தரை. ஆகஸ்டு வெயிலில்கூட உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அருவி இல்லாவிட்டாலும் பார்க்கத்தக்கது எது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் சொல்வேன். மழைக்கு மறுநாள் என்றால் இதே பாதையில் ஓடையைக் கல் மேல் மிதித்துத் தாண்ட வேண்டிவரும், சேறும் இருக்கும். அன்றைக்கு அம்மா ஓவர்ஹேங்கோடு நின்றுகொள்ளலாம். பக்கத்திலேயே மத்தீசன் ஸ்டேட் பார்க் இருக்கிறது, லாசால் நகரத்தின் துத்தநாக ஆலை முதலாளி ஃபிரெடெரிக் மத்தீசன் தன் சொந்தப் பூங்காவாக வைத்திருந்த இடம். கூட்டம் குறைவு என்று பலரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அங்கும் செங்குத்துப் படி. அம்மா வருகிற நாளில் அது வேண்டாம்.

சனிக்கிழமையை ஏன் விடச் சொன்னேன் என்றால், இது ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வரும் பூங்கா. நுழைவுக் கட்டணமும் இல்லை, நிறுத்தக் கட்டணமும் இல்லை. கோடை வார இறுதியில் முற்பகலிலேயே நிறுத்தங்கள் நிரம்பி, வாசலை அடைத்து வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். நேப்பர்வில்லிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஓட்டி வந்து திரும்பிப்போவதைவிட ஒரு வேலை நாளில் லீவு போடுவது மேல். பூங்கா காலை 7 மணிக்குத் திறக்கும், சூரியன் மறையும்போது மூடிவிடும். சனிக்கிழமையை விட வழியே இல்லையென்றால் எட்டு மணிக்கு அங்கே இருங்கள். ஐ-80-இல் எக்ஸிட் 81, பிறகு ரூட் 178-இல் தெற்கே, யூட்டிகா ஊரைக் கடந்து ஆற்றுப் பாலம் தாண்டினால் வாசல் இடப்பக்கம். வரைபடத்தை முன்னாலேயே தரவிறக்கி வையுங்கள்; கேன்யனுக்குள் செல்பேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. அப்படித் தடுமாறினால் மரத்திலும் கம்பத்திலும் உள்ள புள்ளிகளைப் பாருங்கள். மஞ்சள் புள்ளி என்றால் விசிட்டர் சென்டரையும் லாட்ஜையும் விட்டு விலகிப் போகிறீர்கள், வெள்ளை என்றால் திரும்பி வருகிறீர்கள். இந்த ஒன்றை அப்பாவிடம் சொல்லிவைத்தால் போதும்.

இனி பாறை. இங்கே அழகும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இது செயின்ட் பீட்டர் மணற்பாறை. சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆர்டோவிசியன் காலத்தில், ஆழமில்லாத கடலின் கரையில் படிந்த மணல். கிட்டத்தட்ட தூய குவார்ட்சு. மணிகள் உருண்டு ஒரே அளவில் இருக்கும், அவற்றை ஒட்டவைக்கும் பசை மிகக் குறைவு. விரலால் தேய்த்தாலே சில இடங்களில் உதிரும். சிவில் படித்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஒரு சேதி: சிமென்ட் சோதனைக்கு அமெரிக்காவில் தர மணலாக வைத்திருக்கும் ஒட்டாவா மணல், பூங்காவுக்குப் பக்கத்து ஊரான ஒட்டாவாவில் இதே பாறையை உடைத்து எடுப்பது. நம் ஊரில் ஐ.எஸ். 650 சொல்லும் எண்ணூர் மணலுக்கு இது அண்ணன் முறை.

அவ்வளவு இளகிய பாறையில் இவ்வளவு ஆழமான வெட்டு எப்படி வந்தது? கடைசிப் பனியுகத்தின் இறுதிக் கட்டத்தில் பனிப்பாளம் உருகிய நீர் தேங்கி, கரையை உடைத்துக்கொண்டு இல்லினாய் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்தது. கங்காகி வெள்ளம் என்பார்கள். அந்த வெள்ளம் வந்ததில் சந்தேகமில்லை. எப்போது என்பதில்தான் எண்கள் வேறுபடும்: பழைய புத்தகங்களில் 14,000, 15,000 ஆண்டு என்றிருக்கும், பிற்காலக் கணிப்புகள் சுமார் 19,000 ஆண்டுக்குக் கொண்டுபோகின்றன. பலரும் அந்த வெள்ளமே 18 கேன்யன்களையும் வெட்டியது என்று நினைக்கிறார்கள். வெள்ளம் செய்தது பெரிய பள்ளத்தாக்கைத் தோண்டியதுதான். அதன் பிறகு மேட்டிலிருந்து வந்த சிற்றோடைகளெல்லாம் திடீரென்று ஒரு செங்குத்து விளிம்பிலிருந்து குதிக்க வேண்டியதாயிற்று. குதித்த இடத்தில் அடிப்பாறை அரிந்து, மேல்பாறை சரிந்து, அருவி சிறிது சிறிதாகப் பின்வாங்கியது. பின்வாங்கிய தடம்தான் கேன்யன். அதனால்தான் இங்கே கேன்யனுக்குள் நடந்தால் முடிவில் ஒரு அருவிச் சுவர் வந்து வழி அடைபடுகிறது. போன வழியே திரும்பி வர வேண்டும். நடைக் கணக்குப் போடும்போது இதை நினைவில் வையுங்கள்: பலகையில் 1 மைல் என்றால் உங்களுக்கு 2 மைல்.

இதே இளகிய பாறைதான் ஆட்களையும் கொல்கிறது. மேட்டில் விளிம்பு உறுதியாகத் தெரியும், ஆனால் அடியில் அரிந்துபோய் உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மேலே உதிர்ந்து கிடக்கும் மணல், காலடியில் கேழ்வரகைக் கொட்டினாற்போல் உருளும். ஈரமான பலகைப் பாதையிலும் அதே மணல் வழுக்கும். விபத்து நடப்பது பெரும்பாலும் வழியை விட்டுப் படம் எடுக்கப் போகும்போதும், இரண்டு பாதைக்கு நடுவில் குறுக்கே இறங்கும்போதும்தான். கம்பிவேலி இருக்கும் இடத்தில் வேலிக்கு உள்ளே. வேலி இல்லாத இடத்தில் விளிம்பிலிருந்து உங்கள் மகனின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி. அவன் கை உங்கள் கையில். பாறையில் பேர் செதுக்கவும் விடாதீர்கள். வெளித்தோல் மட்டும் கொஞ்சம் இறுகியிருக்கும், அதைக் கீறினால் உள்ளே உள்ள மணல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எது உறுதி, எது கதை என்று பிரித்தே சொல்கிறேன். 1673-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ழாக் மார்க்கெத்தும் அவரோடு பயணம் செய்த லூயி ஜோலியேவும் மிசிசிப்பியிலிருந்து திரும்பும் வழியில் இந்த ஆற்றில் வந்தார்கள். பாறைக்கு எதிர்க்கரையில், சற்று மேலே, கஸ்காஸ்கியா என்ற பழங்குடி மக்களின் ஊர் இருந்தது. 74 குடில்கள் என்று மார்க்கெத் எழுதியிருக்கிறார். 1675-இல் அவர் திரும்பி வந்து அங்கே மதப்பணி தொடங்கினார். 1680-இல் இரோகுவா என்ற பழங்குடிக் கூட்டணியின் படை அந்த ஊரை அழித்தது. 1682-83 குளிர்காலத்தில் பிரெஞ்சு நாடுகாண் பயணி லா சாலும், அவருடைய துணைவரும் ஒரு கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொண்டவருமான டோன்டியும் பாறையின் உச்சியில் செயின்ட் லூயி கோட்டையைக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்துக்கு வைத்த பெயர் வெறுமனே லெ ரொஷே, அதாவது பாறை. சுமார் பத்து ஆண்டில், விறகும் தண்ணீரும் எட்டாத இடம் என்று, கோட்டையை இன்றைய பியோரியா பக்கம் மாற்றிக்கொண்டார்கள். உச்சியில் இன்று கோட்டை எதுவும் இல்லை. 1940-களின் இறுதியில் அகழ்ந்தபோது கிடைத்த தடங்கள் மண்ணுக்குள்தான். அதைக் காக்கத்தான் மேலே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கோட்டை இருக்கும் என்று அப்பா ஏறிப்போய் ஏமாறக் கூடாது.

பட்டினிக் கதைக்கு வருவோம். ஒட்டாவா இனத் தலைவர் பான்டியாக்கை 1769-இல் கஹோக்கியாவில் ஒரு பியோரியா ஆள் கொன்றார்; பியோரியா என்பது இல்லினி பழங்குடிக் கூட்டத்தின் ஒரு பிரிவு. இது ஆவணத்தில் இருப்பது. அதற்குப் பழிவாங்க ஒட்டாவா, பொட்டவாட்டமி ஆகிய இரு இனத்தாரும் சேர்ந்து இல்லினி மக்களை இந்தப் பாறை மேல் விரட்டி முற்றுகையிட்டார்கள், மேலிருந்து தண்ணீர் மொள்ள இறக்கிய கயிறுகளைக் கீழே படகிலிருந்து அறுத்துவிட்டார்கள், எல்லாரும் பசியிலும் தாகத்திலும் மாண்டார்கள் என்பது கதை. 1769-ஐ ஒட்டிய பிரெஞ்சு, ஆங்கிலேயப் பதிவுகள் எதிலும் இப்படி ஒரு முற்றுகை இல்லை. கதை எழுத்தில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில். பதிவில் இருப்பது வேறொன்று: 1722-இல் மெஸ்க்வாக்கி மக்கள் இதே பாறையில் இல்லினி மக்களை முற்றுகையிட்டார்கள். அதில் தப்பிப் பிழைத்தவர்கள் பிறகு தெற்கே போய்விட்டார்கள். இந்த இரண்டும் வாய்வழியில் கலந்து ஒன்றானதாக இருக்கலாம் என்பது என் ஊகம், நிறுவ முடியாது. ஆனால் கதையின் கடைசி வரி, அந்த இனமே அன்றோடு அழிந்தது என்பது, நிச்சயமாகத் தவறு. அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஓக்லஹோமாவில் பியோரியா பழங்குடியாக, தங்கள் ஆட்சிமன்றத்தோடு, இன்றும் இருக்கிறார்கள். பேரனுக்கு அப்பா கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பூங்காவாக மாறியது பிந்திய கதை, பண விவகாரம். 1835-இல் டேனியல் ஹிட் என்பவர் 85 டாலருக்கு வாங்கிய நிலம். 1890-இல் ஃபெர்டினாண்ட் வால்தர் 15,000 டாலருக்கு வாங்கி ஓட்டலும் நீச்சல் குளமும் நடத்தினார். 1911-இல் மாநில அரசு அவரிடம் 1,46,000 டாலருக்கு வாங்கியது. மேட்டில் மரக்கட்டைகளால் ஆன லாட்ஜை 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில், வேலையில்லாதவர்களுக்காக அரசு நடத்திய சி.சி.சி. திட்டத்தின் இளைஞர்கள் கட்டினார்கள். மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். கூடத்தின் நடுவில் இருபக்கமும் எரியும் பிரம்மாண்டமான கல் கணப்பு இருக்கிறது, பார்க்க வேண்டியது. லாட்ஜ் வாசல்வரை கார் போகும். அங்கிருந்து ஆற்றைப் பார்க்க அம்மாவுக்கு ஒரு படிகூட ஏற வேண்டாம்.

ஆகவே அன்றைய வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்கு ஆற்றோரத்துக் கீழ்த்தள வண்டி நிறுத்தம்; அன்றைக்கு எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று விசிட்டர் சென்டரில் கேளுங்கள், பாலம், படி பழுது என்று அடிக்கடி மூடுவார்கள். அப்பாவும் மகனும் நீங்களும் பாறை உச்சிக்கும், தரை காய்ந்திருந்தால் ஃபிரெஞ்ச் கேன்யனுக்கும் போய்வர ஒன்றரை மணி நேரம். அதுவரை அம்மாவும் துணைக்கு ஒருவரும் ஆற்றோர மேசைகளில் இருக்கலாம். பிறகு காரில் லாட்ஜ். புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பிக்னிக் மேசையில் சாப்பிடுவதே சைவக்காரர்களுக்கு நிம்மதி. சுற்று ஊர்களில் சாண்ட்விச்சுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பாதைக்குள் குழாய் கிடையாது. மதியம் ரூட் 71 பக்கம் ஓவர்ஹேங். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. அம்மா புடவைக்குப் பதில் சுடிதார் போடுவது நல்லது. ஈரப்படியில் கொசுவம் காலில் சிக்கும். இறங்கும்போது ஊன்ற ஒரு நடைக்கோல். கொசு மருந்து கட்டாயம். மூன்று மூன்று இலையாக இருக்கும் எந்தச் செடியையும் மகன் தொடக் கூடாது, நச்சுக்கொடி, தோல் வெந்துபோகும். வீட்டுக்குப் போனதும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, தலைமுடி ஓரம் உண்ணி இருக்கிறதா என்று எல்லாருக்கும் பாருங்கள்.

கிளம்பும் முன் பாலம் தாண்டி வடகரையில் இல்லினாய் வாட்டர்வே விசிட்டர் சென்டருக்குப் போங்கள். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்டச் சமதளம், அம்மாவும் வரலாம். 1933-இல் முடித்த அணையும் படகுகளை மட்டம் மாற்றும் லாக்கும் அங்கே கண்ணெதிரே இருக்கும். 600 அடி நீளம், 110 அடி அகலத் தொட்டிக்குள் பார்ஜ் எனும் சரக்குப் படகுகளின் வரிசையை நுழைத்து, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மறுபக்கம் விடுவார்கள். ஆறு வயதுப் பையனுக்கு அருவி இல்லாத குறை அங்கேயே தீர்ந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் இதே இடம்தான்: மேலே ஆறு உறைந்தாலும் அணைக்குக் கீழே கொந்தளிக்கும் நீர் உறையாது, மீனுக்காக வெண்தலைக் கழுகுகள் எதிரே பிளம் தீவின் மரங்களில் வந்து உட்கார்ந்திருக்கும். பைனாகுலர் எடுத்துப் போங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குள் போனால்தான் அவை மீன் பிடிப்பதைப் பார்க்கலாம்.